பெயரை மாற்றியும் திறக்காத கதவு



மக்கெதோனியா என்ற பெயர் நமக்குச் சிறுவயதிலிருந்தே பழக்கமானது. அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரத்தில், துரோவாவில் இருந்த பவுல் இரவிலே ஒரு மக்கெதோனிய மனிதனைத் தரிசனத்தில் கண்டு, கடல் கடந்து அங்கே போகிறார். பிலிப்பி, தெசலோனிக்கே, பெரோயா என்று அவர் நடந்த ஊர்கள் மூன்றும் இன்று கிரேக்க நாட்டுக்குள் இருக்கின்றன. ஆனால் அதற்கு வடக்கே, அதே பெயரை விரும்பி வைத்துக்கொண்ட இன்னொரு சிறிய நாடும் இருக்கிறது. அதன் தலைநகர் ஸ்கோப்பியே. அன்னை திரேசா 1910இல் பிறந்த நகரம் அது.

அந்த நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர 2004 மார்ச்சில் விண்ணப்பித்தது. அன்று பிறந்த குழந்தைக்கு இன்று இருபது வயதுக்கு மேல் ஆகிவிட்டது. நாடோ இன்னும் வாசலில்தான் நிற்கிறது. ஏன்?

முதலில், ஒரு நாடு எப்படிச் சேர்கிறது என்று பார்ப்போம். 1993இல் கோப்பன்ஹேகனில் கூடிய தலைவர்கள் தகுதிகளை வகுத்தார்கள்: நிலையான ஜனநாயகம், சட்டத்தின் ஆட்சி, மனித உரிமைகளுக்கும் சிறுபான்மையினருக்கும் பாதுகாப்பு, போட்டியைத் தாங்கக்கூடிய சந்தைப் பொருளாதாரம், ஒன்றியத்தின் சட்டங்களை ஏற்று நடத்தும் திறன். விண்ணப்பித்த நாட்டை ஐரோப்பிய ஆணைக்குழு ஆராய்ந்து கருத்துச் சொல்லும். பிறகு நீதித்துறை முதல் உணவுப் பாதுகாப்பு, மீன்பிடி வரை 35 அத்தியாயங்களாகப் பேச்சுவார்த்தை நடக்கும். கடைசியில் சேர்க்கை ஒப்பந்தத்தை எல்லா உறுப்பு நாடுகளும் அங்கீகரிக்க வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. வேட்பாளர் தகுதி, பேச்சுவார்த்தையின் தொடக்கம், ஒவ்வொரு அத்தியாயத்தையும் திறப்பது, மூடுவது என்று எல்லாவற்றுக்கும் உள்ளே இருப்பவர்கள் ஏகமனதாகச் சம்மதிக்க வேண்டும். பரீட்சையில் சித்தியடைந்தால் மட்டும் போதாது. வகுப்பில் ஏற்கனவே இருக்கிற 27 பேரும் கையுயர்த்த வேண்டும். ஒருவர் கை இறங்கினாலும் கதவு மூடிவிடும்.

மக்கெதோனியா 1991 செப்டெம்பரில் சர்வஜன வாக்கெடுப்பு நடத்தி யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்தது. உடனே கிரேக்கம் அதன் பெயரை எதிர்த்தது. மகா அலெக்சாந்தரின் மக்கெதோனியா எங்கள் வரலாறு, எங்கள் வடபகுதியின் பெயரும் அதுவே, அந்தப் பெயரில் ஒரு நாடு எழுந்தால் நாளைக்கு எங்கள் மண்ணையும் கேட்காதா என்பது கிரேக்கரின் அச்சம். அங்கே வாழும் பெரும்பான்மையினரோ ஸ்லாவிய மொழி பேசுகிறவர்கள். தலைமுறைகளாகத் தங்களை மக்கெதோனியர் என்றே அறிந்தவர்கள். வேறு என்ன பெயரால் எங்களை அழைப்போம் என்று அவர்கள் கேட்டார்கள். இரு பக்கத்திலும் வலி இருந்தது.

1993இல் ஐக்கிய நாடுகள் சபை அதை 'முன்னாள் யூகோஸ்லாவியக் குடியரசான மக்கெதோனியா' என்ற தற்காலிகப் பெயரில் சேர்த்துக்கொண்டது. 1994இல் கிரேக்கம் வர்த்தகத் தடை விதித்தது. 1995இல் ஓர் இடைக்கால உடன்படிக்கை வந்தது. சிறிய நாடு தன் கொடியை மாற்றியது. தற்காலிகப் பெயரில் அது சர்வதேச அமைப்புகளில் சேர்வதைத் தடுப்பதில்லை என்று கிரேக்கம் ஒப்புக்கொண்டது. ஆனால் 2008இல் நேட்டோவில் சேரவிடாமல் கிரேக்கம் தடுத்தது. அது உடன்படிக்கையை மீறிய செயல் என்று 2011இல் சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தும் கதவு திறக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலும் அதே கதை. 2005இல் வேட்பாளர் தகுதி கிடைத்தது. 2009இல் பேச்சைத் தொடங்கலாம் என்று ஆணைக்குழு பரிந்துரைத்தது. கிரேக்கம் சம்மதிக்கவில்லை.

ஸ்கோப்பியே அரசும் சும்மா இருக்கவில்லை. விமான நிலையத்துக்கு மகா அலெக்சாந்தரின் பெயரைச் சூட்டியது. 2011இல் நகர நடுவில் குதிரைமேல் வீற்றிருக்கும் ஒரு மாபெரும் வீரன் சிலையை நிறுத்தியது. எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது போலாயிற்று.

பிறகு இரண்டு பிரதமர்கள் துணிந்தார்கள். 2018 ஜூன் 17 அன்று பிரெஸ்பா ஏரிக்கரையில் சோரான் சாயேவும் கிரேக்கப் பிரதமர் அலெக்சிஸ் சிப்ராசும் முன்னிற்க உடன்படிக்கை கையெழுத்தானது. நாட்டின் பெயர் இனி 'வட மக்கெதோனியா'. மொழியின் பெயர் மக்கெதோனிய மொழியாகவே இருக்கும். சர்வஜன வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சம்மதித்தார்கள். ஆனால் வாக்களிக்க வந்தவர்கள் சுமார் 37 வீதத்தினர்தான். பலர் மனம் நொந்து வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். 2019 ஜனவரியில் இரு பாராளுமன்றங்களும் நிறைவேற்றின. கிரேக்கத்தில் 300 பேரில் 153 பேர் ஆதரித்தார்கள். சிப்ராசின் கூட்டணி உடைந்தது. அதே ஆண்டுத் தேர்தலில் அவர் தோற்றார். 2020 மார்ச்சில் வட மக்கெதோனியா நேட்டோவின் 30ஆவது உறுப்பினரானது.

இனி ஒன்றியமும் திறக்கும் என்று எல்லாரும் நினைத்தார்கள். 2019 ஒக்டோபரில் பிரான்ஸ் மறுத்தது. முதலில் சேர்க்கை முறையையே திருத்த வேண்டும் என்றது. முறை திருத்தப்பட்டது. 2020 நவம்பரில் பல்கேரியா தடுத்தது. இத்தனைக்கும், 1992இல் மக்கெதோனியாவின் சுதந்திரத்தை முதலில் அங்கீகரித்த நாடே பல்கேரியாதான். ஆனால் உங்கள் மொழி எங்கள் மொழியின் ஒரு வடிவம், வரலாற்றைத் திருத்திச் சொல்லுங்கள் என்று அது இப்போது கேட்டது. 2022 ஜூலையில் ஓர் இணக்கம் காணப்பட்டு முதல் கூட்டம் நடந்தது. ஆனால் அத்தியாயங்களைத் திறக்குமுன், அரசியலமைப்பில் பல்கேரியரையும் பெயர் குறிப்பிட்டுச் சேர்க்க வேண்டும் என்பது புதிய நிபந்தனை. பெயரையே கொடுத்தோம், இன்னும் எத்தனை என்ற கசப்பு நாட்டில் பரவியது. 2024 தேர்தலில் அந்தக் கசப்பைப் பேசிய கட்சி வென்றது. அதே ஆண்டு ஒக்டோபரில், அதுவரை கூடவே பயணித்த அல்பேனியா முதல் தொகுதி அத்தியாயங்களைத் திறந்து முன்னே போய்விட்டது.

காத்திருப்புக்கு ஒரு விலை உண்டு. 2002 குடிசன மதிப்பீட்டில் 20 இலட்சத்துக்கு மேல் இருந்த மக்கள் தொகை 2021இல் சுமார் 18 இலட்சத்து 37 ஆயிரமாகக் குறைந்தது. வாலிபர்கள் வெளியேறுகிறார்கள். பல்லாயிரம் பேர் பல்கேரியக் கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டார்கள். நாடு ஒன்றியத்துக்குள் போக முடியாததால், ஆட்கள் தனித்தனியே போகிறார்கள். நம் வீடுகளில் விசாவுக்கும் குடியுரிமைக்கும் வருடக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு இது புரியாததல்ல.

நிபந்தனைகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஊழல் நிறைந்த நீதிமன்றத்தோடு ஒரு நாட்டைச் சேர்த்தால் எல்லாருக்கும் கேடு. கேள்வி வேறு. முன்கூட்டிச் சொன்ன நிபந்தனையை ஒருவர் நிறைவேற்றியபின், வாசலில் இன்னொன்றைச் சேர்ப்பது நியாயமா?

பவுல் மக்கெதோனியாவுக்குப் போன 16ஆம் அதிகாரத்துக்கு முந்திய அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். எருசலேமில் சபை கூடியது இதே கேள்விக்காகத்தான். புறஜாதியாரிலிருந்து விசுவாசத்துக்கு வந்தவர்கள்மேல் விருத்தசேதனத்தையும் சுமத்த வேண்டும் என்று சிலர் வற்புறுத்தினார்கள். நீண்ட வாக்குவாதம் நடந்தது. பேதுரு எழுந்து, நம்மாலேயே சுமக்க முடியாததை இவர்கள்மேல் ஏன் வைக்கிறீர்கள் என்ற கருத்தில் பேசினார். அவசியமான சிலவற்றை மட்டும் எழுதியனுப்பினார்கள். அந்தியோகியாவில் அதை வாசித்தவர்கள் மகிழ்ந்தார்கள். அந்த முடிவோடுதான் சுவிசேஷம் கடல் கடந்து மக்கெதோனியாவுக்குப் போனது.

நம் சபைக்கும் புதியவர்கள் வருகிறார்கள். வேறு ஊர், வேறு சபைப் பின்னணி, வேறு பேச்சு வழக்கு. தமிழ் சரியாக வராத பிள்ளைகளும் வருகிறார்கள். முந்தி வந்த நாம்தான் இன்று வாசலில் நிற்கிறோம். அவர்களிடம் நாம் கேட்பவற்றில் எது விசுவாசத்துக்கு உரியது, எது நம் பழக்கத்துக்கு மட்டும் உரியது? அடுத்த வாலிபர் கூட்டத்தில் இதை ஒருமுறை பேசிப் பாருங்கள்.