தியாபோலோ மாந்த்: பாடப்புத்தகம் சொல்லாததைத் தோழி சொன்ன கதை

1977 டிசம்பரில் பாரிசில் ஒரு சின்னப் படம் வெளியானது. இயக்குநர் தியான் குரிஸுக்கு அப்போது வயது 29. அதுதான் அவருக்கு முதல் படம். பெரிய நட்சத்திரங்கள் யாரும் கிடையாது. ஆனாலும் பிரான்சில் சுமார் 30 லட்சம் பேர் தியேட்டருக்குப் போய்ப் பார்த்தார்கள். லூயி தெல்லூக் பரிசும் கிடைத்தது. படத்தின் பெயர் 'தியாபோலோ மாந்த்'. புதினா சிரப்பில் லெமனேட் ஊற்றித் தரும் பச்சை நிறப் பானத்துக்குத்தான் அந்தப் பெயர். கஃபேயில் போய் உட்கார ஆசை, ஆனால் வைன் குடிக்க வயது பத்தாது என்றால் இதைத்தான் கேட்டு வாங்கிக் குடிக்க வேண்டும்!

கதை என்று பார்த்தால் ரொம்பச் சின்னது. 1963-இல் கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கிறது. 13 வயது ஆன், 15 வயது ஃப்ரெதெரிக் என்று அக்கா தங்கை இருவர். அப்பா அம்மா பிரிந்துவிட்டார்கள், யூதக் குடும்பம், அம்மாவோடு பாரிசில் இருக்கிறார்கள். அடுத்த கோடை வரும்வரை ஒரு பள்ளி ஆண்டு, அவ்வளவுதான். தங்கைக்குப் பெரிய பெண்கள் மாதிரி காலுறை போட்டுக்கொள்ள ஆசை, அம்மா விடமாட்டேன் என்கிறாள். ஓவிய ஆசிரியை எல்லார் முன்னாலும் அவமானப்படுத்துகிறாள். தோழிகள் கூடி உட்கார்ந்து ஆண் பெண் உறவைப் பற்றித் தப்புத் தப்பாக ஒருவருக்கொருவர் பாடம் எடுக்கிறார்கள். அக்காவின் தோழி ஒருத்தி வீட்டைவிட்டே ஓடிப்போகிறாள். இதெல்லாம் பெரும்பாலும் குரிஸின் சொந்தக் கதைதான். படத்தையே தன் அக்காவுக்குத்தான் காணிக்கையாக்கியிருக்கிறார், ஆரஞ்சு நிற ஸ்வெட்டரை இன்னும் திருப்பித் தராத அக்கா என்ற புகாரோடு!

சரி, இதில் வரலாறு எங்கே வந்தது என்று கேட்கிறீர்களா? வருகிறேன்.

முதலில் அந்தப் பள்ளி. ழூல் ஃபெரி லிசே, பெண்களுக்கு மட்டும். ('லிசே' என்ற சொல் புதுச்சேரிக்காரர்களுக்குப் புதிதில்லை.) பிரான்சில் பெண்களுக்கு அரசு உயர்நிலைக் கல்வி 1880-இல் கமிய் சே கொண்டுவந்த சட்டத்தால் வந்தது. ஆனால் பாடத்திட்டம் வேறு. பையன்களுக்குச் சமமான பாடம் 1924-இல்தான் கிடைத்தது. இருபாலர் சேர்ந்து படிப்பது பொது விதியானது 1975-இன் அபி சட்டத்துக்குப் பிறகு. படம் வந்த 1977-இல் அந்தப் பெண்கள்-மட்டும் பள்ளி என்பது அப்போதுதான் மறைந்துகொண்டிருந்த ஓர் உலகம். படத்தில் வரும் அம்மாவைப் போன்ற பெண்கள் வாக்குரிமை பெற்றது 1944-இல். திருமணமான பெண் கணவன் சம்மதம் இல்லாமல் வேலைக்குப் போகவும் தன் பெயரில் வங்கிக் கணக்கு திறக்கவும் 1965 வரை காத்திருந்தாள். இந்த விவரங்களை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் காலுறைச் சண்டைகூட வேறு மாதிரி தெரியும்.

இனி முக்கியமான விஷயம். ஃப்ரெதெரிக்கின் வகுப்பில் பாஸ்கல் என்றொரு மாணவி. பேச்சு ஷரோன் பற்றி வருகிறது. அவள் தான் கண்டதைச் சொல்லத் தொடங்குகிறாள். கேமரா எங்கும் ஓடவில்லை, பழைய காட்சி எதுவும் காட்டவில்லை. ஒரு பெண் பேசுகிறாள், மற்றவர்கள் கேட்கிறார்கள், அவ்வளவே. என்னைக் கேட்டால் மொத்தப் படமும் இந்த இடத்துக்காகத்தான்.

ஷரோனில் நடந்தது இது. 1962 பிப்ரவரி 8, அல்ஜீரியப் போரின் கடைசி மாதங்கள். அல்ஜீரியாவை விடவே கூடாது என்று பாரிசிலும் குண்டு வைத்துக்கொண்டிருந்த ஓஏஎஸ் என்ற தீவிர வலதுசாரிக் கூட்டத்தை எதிர்த்து, கம்யூனிஸ்ட் கட்சியும் தொழிற்சங்கங்களும் ஊர்வலம் அழைத்திருந்தன. அரசு தடை விதித்திருந்தது. கலையும் நேரத்தில் போலீஸ் பாய்ந்தது. ஜனங்கள் ஷரோன் மெட்ரோ நிலையத்தின் படிக்கட்டில் இறங்கித் தப்பப் பார்த்தார்கள். கீழே நெரிசல், மேலிருந்து தடியடி. மரங்களைச் சுற்றிப் பதித்திருக்கும் கனமான இரும்புக் கிராதிகளைப் பிடுங்கி அவர்கள் மேலேயே எறிந்தார்கள். 9 பேர் செத்தார்கள். அதில் மூன்று பெண்கள். தானியல் ஃபேரி என்ற பையனுக்கு ஏறக்குறைய ஃப்ரெதெரிக்கின் வயது. ஐந்து நாள் கழித்து நடந்த இறுதி ஊர்வலத்தில் லட்சக்கணக்கானோர் நடந்தார்கள். பிறகு, 1966-இன் பொதுமன்னிப்புச் சட்டத்தோடு கோப்பு மூடப்பட்டது. ஒரு போலீஸ்காரர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

போரைப் போர் என்றே சொல்லவில்லை பாருங்கள்! "ஒழுங்கைக் காக்கும் நடவடிக்கை" என்பதுதான் அரசு வைத்த பெயர். பிரெஞ்சு நாடாளுமன்றம் சட்டம் போட்டு 'அல்ஜீரியப் போர்' என்ற சொல்லை ஏற்றது 1999-இல். அப்படியிருக்க 1963-இல் ஒரு பள்ளிப் புத்தகம் என்ன சொல்லியிருக்கும்? பக்கத்து பெஞ்சுக்காரி சொன்னால்தான் உண்டு. இந்தப் படத்தில் தோழிகள் சும்மா ரகசியம் பேசுகிறவர்கள் இல்லை. பெரியவர்கள் மறைத்த எல்லாமே, உடலைப் பற்றியதானாலும் நாட்டைப் பற்றியதானாலும், அவர்களுக்குள் ஒரே வழியில்தான் கைமாறுகிறது. முதலாவதில் பாதி தப்பு. இரண்டாவதில் தப்பே இல்லை.

அன்றைய பாரிஸ் போலீஸ் தலைவர் மொரீஸ் பப்போன். படம் வெளியாகிச் சில மாதங்களில், 1978-இல், அவர் பட்ஜெட் அமைச்சரானார்! ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில் போர்தோவிலிருந்து யூதர்களை நாடு கடத்த உடந்தையாக இருந்ததற்காக 1998-இல்தான் அவருக்குத் தண்டனை கிடைத்தது. ஒரு யூதப் பெண் எடுத்த படத்தில் ஷரோன் வருவதை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். ஷரோனுக்கு நாலு மாதம் முன்பு, 1961 அக்டோபர் 17-இல், அதே பப்போனின் போலீஸ் ஊரடங்கை எதிர்த்து ஊர்வலம் வந்த அல்ஜீரியர்களைக் கொன்று பலரை சேன் நதியில் வீசியது. செத்தவர் எண்ணிக்கை பற்றி இன்றும் சர்ச்சை, ஒன்பதைவிடப் பல மடங்கு என்பதில் மட்டும் வரலாற்றாசிரியர்களுக்குச் சந்தேகமில்லை. பாஸ்கலின் கதையில் அது இல்லை. பிரெஞ்சு இடதுசாரிகளே அப்போது ஷரோனை நினைவில் வைத்துக்கொண்டு அக்டோபரை மறந்திருந்தார்கள். படம் தன் காலத்தின் நினைவோடு சேர்ந்து அதன் மறதியையும் கொண்டிருக்கிறது.

ஷரோனில் இறந்த ஃபனி தெவெர்ப் என்ற பெண்ணின் மகன் அலென் அப்போது சிறுவன். வளர்ந்து வரலாற்றாசிரியரானார். 2006-இல் அந்த ஒரு நாளைப் பற்றித் தடித்த புத்தகம் ஒன்றை ஆவணங்களோடு எழுதினார்.

குரிஸ் அதற்கப்புறம் 1980-இல் 'காக்டெயில் மொலொடோவ்' எடுத்தார், 1968 மே கலவரக் காலத்துக் கதை. 1983-இல் தன் அம்மாவுக்கும் அவர் தோழிக்கும் இருந்த நட்பைப் படமாக்கினார், அது ஆஸ்கர் பரிந்துரைவரை போனது. ஆனால் முதலில் இதைப் பாருங்கள். பாஸ்கல் பேசத் தொடங்கும்போது தயவுசெய்து செல்போனை எடுக்காதீர்கள்.