காலங்கடந்த தண்டனை

உதைபந்தாட்டக் களத்தில் மத்தியஸ்தரின் தீர்ப்பே முடிவானது என்பது பழைய நியதி.

1982 இல் செவில் நகரில் நிகழ்ந்த உலகக் கிண்ண அரையிறுதியில், மேற்கு ஜெர்மனியின் இலக்குக் காவலர் ஷுமாக்கர் பாய்ந்து மோதியதால், பிரான்சு வீரர் பத்திஸ்தோன் பற்களை இழந்து மயங்கி வீழ்ந்தார். மத்தியஸ்தர் அதனைக் குற்றமெனக் கொள்ளவில்லை. ஷுமாக்கர் இறுதியாட்டத்திலும் ஆடினார்.

1994 இல், போஸ்டன் நகருக்கு அண்மையில் நடந்த காலிறுதியில், இத்தாலியின் தசோத்தி முழங்கையால் ஸ்பெயின் வீரர் லூயிஸ் என்ரிக்கேயின் மூக்கை உடைத்தார். மத்தியஸ்தர் காணவில்லை, படக்கருவி கண்டது. அதனைச் சான்றாகக் கொண்டு 8 ஆட்டங்களுக்குத் தடை விதிக்கப்பட்டது.

கண்டபின் வாளாவிருத்தல் நீதியாகுமா என்பர் இரசிகருள் ஒரு சாரார். முடிந்த ஆட்டத்தை மீண்டும் விசாரித்தால் மத்தியஸ்தருக்கு மதிப்பேது என்பர் மறுசாரார். எனினும், இத்தாலி வென்ற 2–1 என்னும் முடிவு மாறவில்லை. தவறிழைத்தவர் தண்டனை பெற்றார். ஸ்பெயினுக்குரிய தண்ட உதையோ கிடைக்கவேயில்லை.