பொத்தானுக்குப் பின்னால் ஒரு வரலாறு



மதிப்பெண் பகுப்பாய்வுச் செயலியில் பொத்தானை அழுத்தினால், எங்கோ இருக்கும் வழங்கி பெற்றோருக்கு அறிக்கை அனுப்பிவிடுகிறது. தொலைவிலிருந்து கணிப்பொறியை ஏவும் இம்முறைக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது.

1940 செப்டம்பர் 11ஆம் நாள் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் கணித அறிஞர்கள் கூடினர். பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ், அங்கிருந்த தொலைத்தட்டச்சுக் கருவி வழியாக நியூயார்க்கிலிருந்த தம் கணிப்பொறிக்குக் கணக்கை அனுப்பினார். கம்பிவழி திரும்பிய விடை தாளில் அச்சாகியது. வந்திருந்தோரும் முயன்று பார்த்தனர்.

விசை கணக்கிடவில்லை, கணக்கிடுமாறு ஏவியது. பிழையாக ஏவினால் பிழையே திரும்பும். அன்று வீணானது தாள் மட்டுமே. இன்றோ தவறான மதிப்பெண் ஒரு குழந்தையின் வீட்டையே சென்றடையும். ஆகவே, அழுத்துமுன் ஒருமுறை சரிபார்ப்போம்.