தோமா ஆலயமும் கேட்கும் சபையும்

ஆலயங்களின் வரலாறு பெரும்பாலும் கோபுரம், பீடம், சாளரம் எனக் கண்ணுக்குப் புலனாகுபவற்றைக் கொண்டே எழுதப்படுகிறது. செவிக்குரிய வரலாறு ஒன்றும் உண்டு. ஜெர்மனியின் லைப்சிக் நகரிலுள்ள தோமா ஆலயம் அதற்குத் தக்க சான்றாகும்.

இன்று காணும் அதன் நடுக்கூடம் 1482 முதல் 1496 வரை, அகஸ்தீனிய மடத்தின் ஆலயமாகக் கட்டப்பெற்றது. உயர்ந்த கல் வளைவுகளின்கீழ் எழுந்த ஒலி எளிதில் அடங்காது. மெல்லச் செல்லும் ஒற்றைக்குரல் மடத்துப் பாடலுக்கு அம்முழக்கம் அழகூட்டியது. பேச்சுக்கோ அது பகையாயிற்று. முன் அசையின் ஓசை அடங்குமுன் பின் அசை வந்து அதனோடு கலந்தது.

1539-ஆம் ஆண்டு பெந்தெகொஸ்தே நாளில் லூத்தர் இங்கே பிரசங்கித்தார். பவுல் விசுவாசத்தைக் கேள்வியோடு பிணைத்ததை அழுத்திக் கூறியவர் அவர். அருளுரை வழிபாட்டின் மையமாகவே, திரளான மக்கள் அமர்ந்து கேட்க இடம் வேண்டியதாயிற்று. அந்நூற்றாண்டிலேயே பக்க மேல்மாடங்கள் எழுந்தன. பின்னர் மர இருக்கைகளும் தடுப்புகளும் பெருகின. கல் ஒலியைத் திருப்பி அனுப்பும். மெல்லிய மரப்பலகையும் மக்களின் ஆடையும் அதை உட்கொள்ளும். எனவே முழக்கம் குறைந்தது.

ஜோஹான் செபாஸ்டியன் பாக் 1723 முதல் 1750 வரை இங்கு இசைப்பணி ஆற்றினார். மத்தேயுவின்படியான பாடுகளுக்கு அவர் அமைத்த இசையில் இரு பாடகர் குழுக்கள் ஒன்றுக்கொன்று மறுமொழி கூறுகின்றன. விரைந்து மாறும் இத்தகைய இசை தெளிவாய்க் கேட்க, மேற்சொன்ன மாற்றமே வழிவகுத்தது என ஆங்கில ஒலியியல் அறிஞர் ஹோப் பேகனல் இருபதாம் நூற்றாண்டில் வாதித்தார். வசனத்திற்காகச் செய்யப்பட்டது இசைக்கும் பயன்பட்டது என்பதே இங்குக் கருதத்தக்கது.

1884 முதல் 1889 வரை நடந்த புதுப்பிப்பு வேறொரு நோக்குடையது. கோதிக் தோற்றத்தை மீட்பதற்காகப் பரோக் கால அமைப்புகள் அகற்றப்பட்டன. கண்ணுக்குப் பழமை திரும்பியது. பாக் அறிந்திருந்த உட்புறத்தின் பெரும்பகுதி மறைந்தது. 2000-ஆம் ஆண்டு நிறைவுற்ற திருப்பணியில், பாக்கின் இசைக்கெனவே புதிய ஆர்கன் ஒன்று வடபுற மேல்மாடத்தில் நிறுவப்பட்டது. கருவியைப் புதிதாய்ச் செய்யலாம். இழந்த ஒலிச்சூழலை அவ்வாறு மீட்பது எளிதன்று.

பழைய ஆலயத்தைப் புதுப்பிக்க முற்படும் சபை, எதை அகற்றுவது, எதைப் பதிப்பது எனத் தீர்மானிக்குமுன் கடைசி வரிசையில் அமர்ந்து செவிகொடுத்துப் பார்த்தல் நலம். அங்குள்ள ஏழைக் கிழவிக்கு வசனம் விளங்காவிடில், எத்தனை அழகிய ஆலயமாயினும் அதன் திருப்பணி குறைவுபட்டதே.