டயாலிசிஸ் நோயாளிகளின் பல் இழப்பும் வாய்நலமும்

சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு ஈறு நோய், வாய் உலர்வு, பல்லாட்டம், பல் இழப்பு ஆகியவை மற்றவர்களைவிட அதிகம். பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான மீளாய்வின்படி, டயாலிசிஸ் பெறும் பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வாயில் ஒரு பல்கூட இல்லை. சுமார் பாதிப் பேர் வாய் உலர்வால் அவதிப்படுகின்றனர். பல் இழப்பில் பெரும்பகுதியைத் தடுக்க முடியும்.

காரணங்கள்

டயாலிசிஸ் பொதுவாக வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம் நடைபெறும். இடைப்பட்ட நாட்களில் உடலில் நீர் தேங்காதிருக்கக் குடிக்கும் அளவு கட்டுப்படுத்தப்படுகிறது. முந்தைய நாள் போன சிறுநீரின் அளவோடு ஏறத்தாழ 500 மி.லி. சேர்த்துக் குடிக்கலாம் என்பது வழக்கமான அறிவுரை. காபி, மோர், ரசம் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். இந்தக் கட்டுப்பாட்டாலும், சில மருந்துகளாலும், உமிழ்நீர் குறைவாகச் சுரப்பதாலும் வாய் வறண்டே இருக்கும். பல்லைக் கழுவிக் காக்கும் உமிழ்நீர் குறைந்தால் கிருமிப் படலம் எளிதில் படியும். தாகத்துக்கு இனிப்பு மிட்டாயைச் சப்புபவர்களுக்குச் சொத்தை வர வாய்ப்பு கூடுகிறது.

இரத்தத்தில் மிகுந்த யூரியா உமிழ்நீரிலும் கலக்கிறது. வாயிலுள்ள பாக்டீரியாக்கள் அதை அம்மோனியாவாக மாற்றுவதால் வாய் நாற்றமும் உலோகச் சுவையும் உண்டாகின்றன. உமிழ்நீரின் காரத்தன்மை கூடுவதால் பல்லில் காரை விரைவாகக் கட்டுகிறது. காரை சேர்ந்த இடத்தில் ஈறு வீங்கி, பல்லைத் தாங்கும் எலும்பு நாளடைவில் கரைகிறது.

எலும்பு வேறு வழியிலும் பலவீனப்படுகிறது. பாஸ்பரஸ் வெளியேறாமல் தேங்கி, வைட்டமின் டி செயலூக்கம் பெறாதபோது பாராதைராய்டு சுரப்பிகள் மிகையாக வேலைசெய்து எலும்பிலிருந்து கால்சியத்தை இழுக்கின்றன. பல் வேரைச் சுற்றி எக்ஸ்ரேயில் தெரியும் மெல்லிய வெள்ளைக் கோடு இதனால் மறையக்கூடும்; சிலருக்குப் பற்கள் ஆடத் தொடங்கும். சிறுநீரகச் செயலிழப்புக்கு முதன்மைக் காரணமான நீரிழிவே ஈறு நோயையும் தீவிரப்படுத்துகிறது. நிஃபெடிபின், அம்லோடிபின் போன்ற இரத்த அழுத்த மாத்திரைகளால் சிலருக்கு ஈறு தடித்துப் பல்லை மூடும்.

விளைவுகள்

டயாலிசிஸ் நோயாளிகளுக்குப் புரதம் கூடுதலாகத் தேவை. பல் போனவர்கள் கோழிக்கறி, சுண்டல் போன்றவற்றை விட்டுக் கஞ்சியோடு நிறுத்திக்கொள்ளும்போது ஊட்டச்சத்துக் குறைகிறது. ஐரோப்பாவிலும் அர்ஜென்டினாவிலும் 4,205 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ‘ஓரல்-டி’ ஆய்வில், பற்களே இல்லாதவர்களிடம் இறப்பு விகிதம் கூடுதலாக இருந்தது. தினமும் பல் துலக்குபவர்களும், அண்மையில் பல் மருத்துவரைப் பார்த்தவர்களும் நீண்ட காலம் வாழ்ந்தனர். இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, பல் இழப்புதான் இறப்புக்குக் காரணம் என்று நிறுவவில்லை.

பல் சிகிச்சை

பல் எடுப்பதற்கு ஏற்றது டயாலிசிஸுக்கு மறுநாள். டயாலிசிஸின்போது இரத்தம் உறையாதிருக்கச் செலுத்தும் ஹெபாரினின் தாக்கம் அதற்குள் நீங்கியிருக்கும், கழிவுகளும் குறைந்திருக்கும். டயாலிசிஸுக்காக இரத்தக் குழாய்களை இணைத்து அமைத்த ஃபிஸ்டுலா உள்ள கையில் இரத்த அழுத்தம் பார்ப்பதோ ஊசி போடுவதோ கூடாது. பல்வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் ஆகியவற்றைக் கடையில் வாங்கி விழுங்குவது ஆபத்து. எஞ்சியிருக்கும் சிறுநீரகச் செயல்பாட்டை அவை கெடுக்கும், இரத்தக் கசிவையும் கூட்டும். மருத்துவர் சொல்லும் அளவில் பாராசிட்டமால் எடுத்துக்கொள்ளலாம். ஆன்டிபயாட்டிக்குகள் பலவற்றின் அளவையும் மாற்ற வேண்டும் என்பதால், தாம் டயாலிசிஸில் இருப்பதை நோயாளி பல் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பராமரிப்பு

ஃபுளோரைடு பற்பசை, மென்மையான பிரஷ் கொண்டு காலையும் இரவும் பல் துலக்க வேண்டும். வாய் வறண்டால் கொப்பளித்துத் துப்பலாம். சர்க்கரையில்லாத சூயிங்கம் மெல்லலாம். புகையிலையைக் கைவிட வேண்டும். பல்செட் அணிபவர்கள் இரவில் அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும்.

சிறுநீரக மாற்று அறுவைக்கு முன் பல் பரிசோதனை அவசியம். அறுவைக்குப் பின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளை உட்கொள்ளும் உடலில், கவனிக்காமல் விட்ட ஒரு சீழ்ப்பல்கூடப் பெரும் தொற்றாக மாறலாம். அந்தக் கட்டம்வரை காத்திராமல், சிறுநீரக நோய் தெரியவந்த உடனேயே பல் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. ஆடாத பல்லைக் காப்பது ஆடும் பல்லை நிறுத்துவதைவிட எளிது.