ஓர் ஊரும் ஒரு சுவரும்



சென்ற மாதம் ஒரு மாலை, நம் பங்கின் நூற்றாண்டு மலருக்குச் செய்தி திரட்டும் இளைஞர்கள் ஒரு பழைய கணக்குப் புத்தகத்தோடு பங்கு இல்லத்துக்கு வந்தார்கள். ஆலயத்துக்குக் கல் சுமந்தவர்கள், மணி வாங்கிக் கொடுத்தவர்கள், தேருக்கு மரம் கொடுத்தவர்கள் எல்லோர் பெயரும் அதில் இருந்தன. கூடவே ஒரு செலவு மட்டும் இரண்டு தனித்தனித் தலைப்பில் எழுதப்பட்டிருந்தது: தூம்பா பழுது பார்த்த செலவு. ஏன் இரண்டு என்று பெரியவர்களிடம் விசாரித்தபோது, ஒரு காலத்தில் நம் பங்கில் இறந்தவர்களைச் சுமக்க இரண்டு தூம்பாக்கள் இருந்தன என்று தெரிய வந்தது. மேலத் தெருவுக்கு ஒன்று, கீழத் தெருவுக்கு ஒன்று. “இதையும் மலரில் போடணுமா சாமி?” என்று அந்தப் பிள்ளைகள் கேட்டார்கள்.

அன்று நாம் பதில் சொல்லவில்லை. இன்று சொல்ல விரும்புகிறோம். அதற்கு முன், நம் தென்மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் வரலாற்றைச் சேர்ந்து பார்ப்போம். வானொலி வழியாகக் கேட்டுக்கொண்டிருக்கும் மற்றப் பங்குகளின் அன்பர்களுக்கும் அது பயன்படும்.

அந்த ஊர் வடக்கன்குளம். திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில், மேற்குத் தொடர்ச்சி மலை முடிகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று அங்கே ஓயாமல் வீசும். இன்று அந்தப் பக்கம் போகிறவர்கள் காற்றாலைகளைப் பார்க்கிறார்கள். அந்நாளில் கண்ணுக்குத் தெரிந்தவை பனைகள். பனையேறிக் கருப்பட்டி காய்ச்சிப் பிழைத்த மக்களும், நிலம் வைத்திருந்த மக்களும், அவர்களை அண்டி உழைத்த மக்களும் சேர்ந்து வாழ்ந்த ஊர் அது. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில், மதுரை மிஷனைச் சேர்ந்த இயேசு சபைக் குருக்களின் உழைப்பால் கத்தோலிக்க விசுவாசம் அங்கே வேர்விட்டது.

அந்த ஊருக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. கணவாய்க்கு மேற்கே திருவிதாங்கூர் அரசு. வடக்கன்குளமோ எல்லைக்கு வெளியே, கிழக்கே இருந்தது. அங்கே செய்ய முடியாததை இங்கே வந்து செய்யலாம். அப்படி வந்தவர்தான் நட்டாலத்தைச் சேர்ந்த நீலகண்டன். 1712-இல் பிறந்தவர், மார்த்தாண்ட வர்மா மன்னரின் அலுவலர். 1741-இல் குளச்சல் போரில் மன்னரின் கையில் சிக்கி, பிறகு அவருடைய படைத்தலைவராகவே உயர்ந்த டச்சுப் படை அதிகாரி தெலனாய் அவருடைய நண்பர். கால்நடையும் விளைச்சலும் அழிந்து மனம் நொந்திருந்த நீலகண்டனுக்குத் தெலனாய் யோபுவின் கதையைச் சொன்னார். அந்தக் கதை அவருக்குள் வேலை செய்தது. மன்னரின் அலுவலர் ஒருவர் திருவிதாங்கூருக்குள்ளேயே திருமுழுக்குப் பெறுவது ஆபத்து. ஆகவே தெலனாய் அவரை வடக்கன்குளத்துக்கு அனுப்பி வைத்தார். பரஞ்சோதிநாதர் என்று மக்கள் அழைத்த இயேசு சபைக் குரு புத்தாரி, 1745 மே 14 அன்று அவருக்குத் திருமுழுக்கு அளித்தார். லாசர் என்ற பெயரின் பொருளைக் கொண்டு அவருக்குத் தேவசகாயம் என்று பெயரிட்டார்கள்.

அவர் செய்த பெரிய ‘குற்றம்’ என்ன? மனிதருக்குள் ஏற்றத் தாழ்வு இல்லை என்று சொன்னார். தாழ்ந்தவர் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு கலந்து பழகினார். 1749-இல் கைது செய்யப்பட்டார். மூன்றாண்டு வதைக்குப் பின், 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய துணைவியார் ஞானப்பூ அம்மாள் வடக்கன்குளத்து மண்ணில்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 2012 டிசம்பர் 2 அன்று தேவசகாயம் அருளாளரானார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். நம் நாட்டுப் பொதுநிலையினருள் முதல் புனிதர் அவர். அந்த அறிவிப்பில் அவர் பெயரோடு வழங்கி வந்த சாதிப் பட்டத்தை உரோமை சேர்க்கவில்லை.

வடக்கன்குளத்தின் கதையை இத்தோடு நிறுத்தினால் அழகான கதை. எந்த மலரிலும் தயக்கமின்றி அச்சிடலாம். ஆனால் கதை அங்கே முடியவில்லை.

1773-இல் இயேசு சபை கலைக்கப்பட்டது. பரந்த பகுதிகளைக் கைவிரலில் எண்ணக்கூடிய குருக்களே கவனிக்க வேண்டியிருந்தது. விசுவாசத்தைக் காப்பாற்றியவர்கள் உபதேசியார்களும் ஊர்ப் பெரியவர்களும்தான். அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அதே வேளையில், ஆலயத்தில் யாருக்கு எந்த இடம், யாருக்கு எந்த மரியாதை என்பவையும் சில குடும்பங்களின் உரிமையாக இறுகிப் போயின. 1838-இல் பிரெஞ்சு இயேசு சபையார் மதுரை மிஷனுக்குத் திரும்பி வந்தபோது இந்த உரிமைகளெல்லாம் பழைய வழக்கம் என்று நிலைபெற்றிருந்தன. மறுபுறம், பனைத் தொழிலிலிருந்து வாணிபத்துக்கும் கல்விக்கும் முன்னேறிய நாடார் மக்கள், ஆண்டவர் வீட்டில் தங்களுக்கு ஏன் இரண்டாம் இடம் என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். நியாயமான கேள்வி.

அந்தக் கேள்விக்குக் குருக்கள் கண்ட வழி என்ன தெரியுமா? 1870-களில் வடக்கன்குளத்தில் எழுந்த புதிய ஆலயத்துக்குப் பீடம் ஒன்று. அந்தப் பீடத்திலிருந்து இரண்டு நீண்ட கிளைகள் பிரிந்தன. கால்சட்டையை விரித்து வைத்தாற்போல் இருந்தது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். ஒரு கிளையில் வெள்ளாளர், மறு கிளையில் நாடார். இரு கிளைகளிலும் இருந்தவர்களுக்குப் பீடம் தெரியும். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. நற்கருணை ஆண்டவரை எல்லோரும் பார்த்தார்கள். பக்கத்தில் முழந்தாளிட்டிருந்த சகோதரனைப் பார்க்காமல் இருக்கவே சுவர் வைத்திருந்தார்கள்.

இதைக் கட்டியவர்கள் கெட்டவர்களா? அப்படிச் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. ஊர் பிளந்து போகக் கூடாது, திருப்பலி நின்று போகக் கூடாது என்ற எண்ணம் அவர்களுக்கு இருந்திருக்கும். குருக்களாகிய நாங்களும் இதே கணக்கைப் பலமுறை போடுகிறோம். சண்டை வேண்டாம் என்பதற்காக அநியாயத்துக்கு ஓர் ஓரத்தில் இடம் கொடுக்கிறோம். பிறகு அதுவே வழக்கமாகிறது, வழக்கம் உரிமையாகிறது, கடைசியில் அதைத் தொட்டால் ஊரே கொதிக்கிறது.

வடக்கன்குளமும் கொதித்தது. 1910-இல் அங்கே பணியாற்றிய தந்தை அதிரியான் கௌசானல் அந்தப் பிரிவினைச் சுவரை அகற்றினார். பாளையங்கோட்டையில் இயேசுவின் திரு இருதயச் சகோதரர்கள் சபையைத் தோற்றுவித்தவர் இவரே. ‘எங்கள் தனி இடம் எங்களுக்கு வேண்டும்’ என்று வெள்ளாளர் தரப்பில் வழக்குத் தொடுத்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை அது போனது. கிறிஸ்தவ ஆலயத்துக்குள் சாதியைக் காட்டித் தனி இடம் கேட்க உரிமை இல்லை என்று அங்கே முடிவாயிற்று. சற்று நினைத்துப் பாருங்கள், அன்பர்களே. நற்செய்தி சொல்லியும் நமக்கு விளங்காத ஒன்றை நீதிமன்றம் நமக்கு விளக்க வேண்டியிருந்தது.

ஆக, மறைசாட்சிக்குத் திருமுழுக்கு அளித்ததும் அந்த ஊர்தான், ஆலயத்துக்குள் மக்களைச் சுவரால் பிரித்ததும் அந்த ஊர்தான், பிறகு அந்தச் சுவர் இடிந்து விழுந்ததும் அங்கேதான். இந்த மூன்றில் எதை விட்டாலும் அந்த ஊரின் வரலாறு பொய்யாகிவிடும். திருமுழுக்கை மட்டும் எழுதினால் பெருமை பேசுகிறோம். சுவரை மட்டும் எழுதினால் அந்த ஊர் மக்களை அவமதிக்கிறோம். மூன்றையும் எழுதினால்தான், அருள் எங்கே வந்தது, நாம் அதை எங்கே தடுத்தோம், பிறகு எப்படி வழிவிட்டோம் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும்.

வடக்கன்குளத்தில் சுவர் விழுந்ததோடு நம் திருச்சபையில் எல்லாம் சரியாகிவிடவில்லை. 2003-ஆம் ஆண்டு நவம்பரில், உரோமைக்குச் சென்ற நம் தமிழக ஆயர்களிடம் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், கிறிஸ்தவர்களுக்கிடையே நிலவும் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேச வேண்டியிருந்தது. கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர், சில தெருக்களுக்குள் நுழையாத தேர், சிலரிடம் மட்டும் வாங்காத திருவிழா வரி என்று அந்தச் சுவர் வேறு வேறு உருவத்தில் இன்றும் எழும்புகிறது. தலித் மக்கள் இதை நமக்குச் சொல்லிச் சொல்லிக் களைத்துப் போயிருக்கிறார்கள்.

இப்போது நம் இளைஞர்களின் கேள்விக்கு வருகிறோம். ஆம் பிள்ளைகளே, மலரில் போடுங்கள். நம் பங்கில் இரண்டு தூம்பாக்கள் இருந்தன என்று எழுதுங்கள். யாரையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்ட வேண்டாம். அவர்கள் இன்று நம் செபத்துக்கு உரியவர்கள். ஆனால் அந்த இரண்டு எப்போது ஒன்றாயிற்று, முதல்முறை எந்தத் தெருக்காரர் எந்தத் தெருக்காரருக்குத் தோள் கொடுத்தார் என்பதைத் தேடிக் கண்டுபிடியுங்கள். கல் சுமந்தவர்களின் பட்டியலுக்குப் பக்கத்திலேயே அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அவரும் இந்த ஆலயத்தைக் கட்டியவர்தான்.

பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் மேலத் தெரு, கீழத் தெரு இரண்டிலிருந்தும் மூத்தவர்கள் பங்கு இல்லத்துக்கு வாருங்கள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, உங்களுக்கு நினைவிருப்பதை இந்தப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். சொல்லக் கூச்சமானதையும் சொல்லுங்கள். நாமும் உடன் இருப்போம்.

நாசரேத்திலிருந்து நல்லது ஏதும் வருமா என்று நத்தனியேல் கேட்டார். அவர் பக்கத்திலிருந்த கானாவூர்க்காரர். சிற்றூரின் குறையைப் பக்கத்து ஊர்க்காரர் நன்றாக அறிவார். ஆனாலும் வந்து பார் என்று பிலிப்பு அழைத்தபோது, அவர் எழுந்து போனார். நம் ஊரையும் யாராவது வந்து பார்க்கும்போது, மறைக்க ஒன்றும் இல்லாத ஊராக அது இருக்கட்டும்.

புனித தேவசகாயம் நமக்காக மன்றாடுவாராக. ஆமென்.