இழுவைமடியும் கரைவாழ்வும்: பாக் விரிகுடாவில் வளர்ச்சி, வாழ்வாதாரம், வளம்

பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். பெரும்பகுதியில் ஆழம் 15 மீட்டரைத் தாண்டுவதில்லை. வெயில் கடற்தரை வரை இறங்குவதால் அங்கே கடற்புல் தழைக்கிறது. இறாலும் நண்டும் பலவகை மீன்களும் அந்தப் புல்லுக்குள்தான் குஞ்சுப் பருவத்தைக் கழிக்கின்றன. புல்லை மேயும் கடற்பசுவுக்காக 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழக அரசு பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்த வளத்தைத் தந்த ஆழக்குறைவே அதற்குப் பகையாகவும் ஆயிற்று. தரையை வழித்துக்கொண்டு போகும் வலையான இழுவைமடிக்கு இதைவிட வாகான கடல் கிடையாது.

வளரும் நாடுகளின் சூழல் சீர்கேட்டைப் பற்றிய பேச்சில் வறுமையைக் கூண்டில் ஏற்றுவது வழக்கம். 1987இல் வெளியான புருண்ட்லாண்ட் ஆணைய அறிக்கை வறுமையைச் சூழல் சிக்கல்களின் காரணமாகவும் விளைவாகவும் கண்டது. ஏழை விறகுக்காகக் காட்டை அழிக்கிறார், காடு அழிந்ததும் மேலும் ஏழையாகிறார் என்ற வட்டம் பிறகு பாடநூல்களில் நிலைத்துவிட்டது. பாக் விரிகுடாவின் வரலாறு இந்த வட்டத்துக்குள் அடங்கவில்லை. இங்கே கடற்தரையைச் சுரண்டியது ஏழையின் கை அல்ல. ஏழ்மையைப் போக்கவென்று கொண்டுவரப்பட்ட முதலீடு.

தொடக்கம் கேரளத்தில். இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் அவை மூன்றும் 1952இல் செய்த ஒப்பந்தப்படி, கொல்லத்தை அடுத்த நீண்டகரை–சக்திகுளங்கரைப் பகுதியில் ஒரு மீன்வளத் திட்டம் தொடங்கியது. மீனவரின் வருவாயையும் உடல்நலத்தையும் உயர்த்துவதே அறிவிக்கப்பட்ட நோக்கம். உறையவைத்த இறாலுக்கு அமெரிக்கச் சந்தை திறந்ததும் திட்டத்தின் முகம் ஏற்றுமதிப் பக்கம் திரும்பியது. தமிழகத்திலும் 1950களின் நடுவிலிருந்து அரசே விசைப்படகுகளைத் தவணையில் வழங்கியது. மானியமும் வரிவிலக்கு டீசலும் பின்னால் சேர்ந்தன. நாட்டுப்படகின் வலை மீன் வந்து மாட்டும்வரை காத்திருக்கும். விசைப்படகின் இழுவைமடி காத்திருப்பதில்லை.

அதன் விளைவை இறங்குதளத்தில் காலையில் காணலாம். மடியை அவிழ்த்துக் கொட்டியதும் முதலில் இறால் பொறுக்கப்படும். பிறகு நண்டு, கணவாய், விலைபோகும் மீன். எஞ்சுவது விரல் நீளக் குஞ்சுகளும் நசுங்கிய நண்டுகளும் சிப்பிகளும் கலந்த குவியல். இராமேசுவரத்தில் இதற்குச் 'சங்காயம்' என்று பெயர். இதை மணலில் பரப்பிக் காயவைத்துக் கோழித்தீவனத்துக்கு அனுப்புகிறார்கள். கழிவுக்கும் விலை கிடைக்கத் தொடங்கிய பிறகு, இறால் குறைந்த நாளிலும் இழுப்பது கட்டுபடியாகிறது. மீன்பாடு சரிந்தால் தொழில் தானே சுருங்கும் என்ற பொருளியல் எதிர்பார்ப்பு பொய்த்த இடம் இது.

கடற்கரை இதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற பங்கீடு மோதல்களுக்குப் பின் உருவானது. இரு தரப்பும் ஒரே இரவில் ஒரே நீரில் நிற்காமல் அது பார்த்துக்கொண்டது. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டமோ தூரத்தை அளவாகக் கொண்டு, விசைப்படகு கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் வரக்கூடாது என்றது. அகன்ற கடலுக்கு அந்த அளவு பொருந்தும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டரே உள்ள நீரில் பொருந்தாது. கரையோரம் நாட்டுப்படகுக்கு, அப்பால் 1974இல் வரையப்பட்ட இலங்கை எல்லை. நடுவில் மிஞ்சுவது ஒரு குறுகிய பட்டை.

எனவே தமிழக விசைப்படகுகள் எல்லை தாண்டின. இலங்கையில் போர் நடந்த ஆண்டுகளில் வடபகுதி மீனவர் கடலுக்குள் செல்வதற்குக் கடும் தடை இருந்ததால் அந்த நீர் ஆளில்லாமல் கிடந்தது. 2009இல் போர் முடிந்தபின் யாழ்ப்பாணத்தாரும் மன்னாரைச் சேர்ந்தவர்களும் புதிய நைலான் வலைகளோடு தொழிலுக்குத் திரும்பினார்கள்; அந்த வலைகளை, அவர்கள் 'றோலர்' என்று அழைக்கும் தமிழகப் படகுகள் இரவில் அறுத்துக்கொண்டு போயின. அறுபட்ட வலை பெரும்பாலும் கடனில் வாங்கியது. இந்தச் சிக்கல் செய்திகளில் இரு நாட்டுப் பூசலாக மட்டுமே வருகிறது. இரு கரையின் தமிழ் மீனவருக்கு இடையில் தொழிற்கருவி சார்ந்த மோதல் என்ற பக்கம் மறைந்துபோகிறது. இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது.

அதே ஆண்டில் இந்திய அரசு தீர்வு ஒன்றை முன்வைத்தது. 2,000 இழுவைப் படகுகளை மூன்று ஆண்டுகளில் விலக்கி, சூரைமீன் பிடிக்கும் ஆழ்கடல் படகுகளைத் தருவது திட்டம். ஒரு படகின் விலை அப்போது 80 லட்சம் ரூபாய் என்று வைக்கப்பட்டது: மத்திய அரசு 50 விழுக்காடு, மாநில அரசு 20, வங்கிக் கடன் 20, உரிமையாளர் கையிலிருந்து 10. கட்டப்பட்டவை இலக்கில் சிறு பங்கே. ஒருநாள் போய் மறுநாள் திரும்பும் தொழிலும் வாரக்கணக்கில் கடலில் தங்கும் தொழிலும் வேறு வேறு. உரிமையாளர்களில் பலர் பெருமுதலாளிகள் அல்லர். வியாபாரியிடம் வாங்கிய முன்பணத்துக்கு மீனைக் கொடுத்தாக வேண்டியவர்கள். அந்தக் கட்டு படகை மாற்றினால் அவிழாது.

இன்னொரு பிழை கணக்கிலேயே உள்ளது. திட்டம் படகு உரிமையாளரைப் பயனாளி என்கிறது. பங்குக்குப் போகும் தொழிலாளி, பனிக்கட்டி சுமப்பவர், ஏலத்தில் சிறு கூறு எடுத்துத் தலைச்சுமையாக விற்கும் பெண், சங்காயம் காயவைப்பவர் எல்லோரும் அந்தப் படகை நம்பியே அன்றாடம் உலைவைக்கிறார்கள். ஒரு படகு விலக்கப்படும்போது உரிமையாளருக்கு மானியம் உண்டு. இவர்களுடைய பெயரை எழுத விண்ணப்பத்தில் இடமில்லை.